பதினேழில் எழும்புகிறவள்

கிளினிக்கில் என் இலக்கம் முப்பத்தொன்று.
ஏழரைக்கே வந்து வாங்கில் இருந்தேன்.
கடற்காற்றுக்கு மருந்து மணத்தைக் கலைக்கத் தெரியவில்லை,
யன்னல் சீலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தது.

பதினைந்து என்று கூப்பிட்டார்கள். ஒரு கிழவர் போனார்.
பதினாறு. பிள்ளையோடு ஒருத்தி.
பதினேழு என்றதும்
செருப்பைக் கொளுவிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

கன்ரீனில் ஒரு பிளேன்ரீ.
சீனி போடவோ என்றார்கள், என்ன சொன்னேனோ தெரியாது.
மதிலுக்கு வெளியே மான் ஒன்று
யாரோ எறிந்த லஞ்ச் சீற்றை
ஆறுதலாய் மென்றுகொண்டு நின்றது.
அது விழுங்கி முடிக்கும்வரை பார்த்தேன்.
திரும்பி வரும்போது இருபத்துநாலு.

இவ்வளவு வருசமும் இப்படித்தான்.
மூதூர் பஸ்ஸில் கொண்டக்டர் ஆள் எண்ணினால்
பாதி வழியில் இறங்கிவிடுவேன்.
சம்பளக் காசை எண்ணாமலே பையில் வைப்பேன்,
நல்ல நம்பிக்கைக்காரி என்பார்கள் கந்தோரில்.
கேதுசா வாய்ப்பாடு பாடமாக்கிய அன்று
கொப்பியைப் பறித்து எறிந்தேன்.
அவள் அழவில்லை.
அதற்குப் பிறகு குசினிக்குப் பின்னால் போய்
சத்தமில்லாமல், உதட்டால் மட்டும் படித்தாள்.
அதைக் கண்ட பிறகுதான் இங்கே வரத் தொடங்கினேன்.
வயிற்றெரிவு என்று சொல்லித்தான் துண்டு எடுத்தது.

டொக்டர் சின்னப் பிள்ளை. குருநாகல் பக்கமாம்.
தமிழைக் கண்ணாடிச் சாமான் போல
ஒவ்வொரு சொல்லாய் எடுத்து வைத்தார்.
வயிற்றைப் பற்றிக் கேட்கவேயில்லை.
"நீங்கள் ஏன் வெளியே போனது?"

மிஸ்ஸி றிபாயா சொல்லியிருக்கிறார்:
போன கிளினிக்கிலும் பதினேழில்தான் எழும்பினவ.

நான் ஒளித்ததை
ஒருவர் எண்ணி வைத்திருக்கிறார்.

சொன்னேன்.
ஓட்டி ஆள் எண்ணி ஏற்றியதை.
வள்ளம் தாங்காது, இனி ஏறாதே என்றதை.
பத்தொன்பதாவது நான்.
தம்பி சுதர்மன் இடுப்பளவு தண்ணீரில்,
என் துணிப்பையை நனையாமல் தலைக்கு மேல் பிடித்தபடி,
அதைத் தர மறந்து,
அடுத்த வள்ளத்தில் வாறன் என்றதை.
அடுத்த வள்ளம் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.
அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

பிறகு கேள்வித்தாள்.
கனவு வருமா, திடுக்கிடுவீர்களா,
பழகியவர்களிடமிருந்து தள்ளிப்போனது போல இருக்குமா.
இல்லை, சிலவேளை, அடிக்கடி.
புள்ளிகளைக் கூட்டத் தொடங்கியவர்
என் முகத்தைப் பார்த்துவிட்டு
வாய்க்குள்ளேயே கூட்டினார்,
உதட்டால் மட்டும், கேதுசாவைப் போல.

கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் நாலு எழுத்து.
தமிழில் எப்படிச் சொல்வது என்று மிஸ்ஸியைக் கேட்டார்.
"மனவடு எண்டு போடுறவை."
"வடு எண்டால் ஆறினதுதானே?" என்றேன்.
"ஓம். ஆறினாப் பிறகு கிடக்கிற அடையாளம்."
மூன்று பேரும் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தோம்.
வராந்தாவில் யாரோ இருமினார்கள்.
"அப்ப இது இன்னும் வடு இல்லை," என்றார் டொக்டர்,
"ஆகும்."

பைத்தியமா என்று கேட்க வைத்திருந்தேன், கேட்கவில்லை.
கோபக்காரி என்றது, திமிர் பிடித்தவள் என்றது,
காளி கோயில் நூல் மூன்று,
பதினொரு வருசம் விழுங்கிய காஸ்ட்ரிக் குளிசை,
எல்லாம் இதுதானாம்.
அழுகை வரும் என்று லேஞ்சியோடு இருந்தேன்.
வந்தது எரிச்சல்.
இதற்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது, இவ்வளவு காலமும்,
உவர்மலையில் என் வீட்டிலிருந்து
ஒரு ஓட்டோத் தூரத்தில்.

இரண்டு கிழமைக்குக் குளிசை.
புதன்கிழமைகளில் வந்து கதைக்கவேண்டும்.
மருந்து கொடுக்கும் பெண் தட்டில் கொட்டி
கத்தி நுனியால் இரண்டிரண்டாய் ஒதுக்கினாள், வாய்விட்டு.
ரெண்டு. நாலு. ஆறு.
யன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
பதினாலோடு முடிந்தது.

அடுத்தமுறை ஒரு மாதத்துக்குத் தருவார்களாம்.